"சும்மாதான் இருக்கேன்" என்று சொன்ன நாளிலிருந்து: தன்மதிப்பு எங்கிருந்து வருகிறது?

செல்வி_திருப்பூர் | திங்கள், இரவு 10.40

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருஷம் வேலை பார்த்தேன். கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாகச் சேர்ந்து, செக்கிங்குக்கு மாறி, கடைசி ஏழு வருஷம் செக்கிங் சூப்பர்வைசர். என் டேபிளைத் தாண்டித்தான் பீஸ் அயனிங்குக்குப் போகும். போன ஐப்பசியில் ஆர்டர் இல்லை என்று யூனிட்டை மூடிவிட்டார்கள். சோற்றுக்குக் கஷ்டம் இல்லை. வீட்டுக்காரர் வேலையில் இருக்கிறார், பையன் டிப்ளமோ இரண்டாம் வருஷம்.

தை மாசம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா மகள், "இப்ப எந்தக் கம்பெனி?" என்றாள். "சும்மாதான் இருக்கேன்" என்றேன். அதற்கப்புறம் இலையில் ரசம் விழுந்ததா மோர் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி பத்து வரை ஓடுகிறவள் எப்படி சும்மா இருக்கிறவள் ஆனேன்? அதைச் சொன்னதும் நானேதான், அவள் இல்லை.

இன்னொன்று. என் தம்பி கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான். ஒண்ணாம் தேதி ஆனால் ஐயாயிரம் ஜிபேயில் போட்டுவிடுகிறான். நான் கேட்கவில்லை. நல்ல பிள்ளைதான். ஆனால் போனில் அந்தச் சத்தம் வந்ததும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அப்புறம் எரிச்சல் பட்டதற்காக என் மேலேயே வெறுப்பு வருகிறது. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பையன் காலேஜில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது கவுன்சலிங் மேடம் பிள்ளைகளுக்குப் பத்து வாக்கியம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். மிஞ்சிய தாளில் நானும் டிக் அடித்துப் பார்த்தேன். 30-க்கு 13. அதில் ஒரு வரி, பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் அதிகம் இல்லை என்பது. பெருமைப்படவே கூடாது என்று அடித்து வளர்த்த வீட்டில் பிறந்தவள் இதற்கு என்ன டிக் அடிப்பது?

கேள்வி இதுதான். இந்தத் தன்மதிப்பு எங்கிருந்து வருகிறது? வேலையோடு வந்தது என்றால் வேலையோடு போய்விட்டதா?


கடுப்பு_கணேசன் | திங்கள், இரவு 11.05

இன்னொரு கம்பெனியில் சேருங்கள் மேடம். சம்பளம் வந்தால் எல்லாம் வந்துவிடும். மதிப்பு, மரியாதை எல்லாம் ஏடிஎம் மெஷினுக்குள்தான் இருக்கிறது. கசப்பாக இருக்கும், ஆனால் உண்மை.


செல்வி_திருப்பூர் | திங்கள், இரவு 11.12

நாலு இடத்தில் கேட்டாயிற்று சார். வயசு 43 என்றதும் "சொல்லி அனுப்பறங்க" என்கிறார்கள்.


காவிரிக்கரை_வாத்தியார் | செவ்வாய், காலை 6.20

அம்மா செல்வி, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மனசைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை, சொற்களைப் பற்றிப் பேசலாம்.

நாம் நாலைந்து சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தன்னம்பிக்கை என்பது "என்னால் முடியும்". தன்மதிப்பு என்பது "முடியாவிட்டாலும் நான் ஒரு ஆள்தான்". தன்மானம் கொஞ்சம் வேறு ரகம். அது சும்மா கிடக்கும், யாராவது மிதிக்கும்போது விழிக்கும். அதற்குத் தெருவில் வழங்கும் பெயர் ரோஷம். அதையே தேவையில்லாத இடத்தில் காட்டினால் வீம்பு. கையில் காசில்லாமல் காட்டினால் வறட்டுக் கௌரவம் என்று ஊர் சொல்லும். உங்களுக்குக் குறைந்திருப்பது இரண்டாவது. மூன்றாவது நன்றாகவே இருக்கிறது, அதனால்தான் ஜிபே சத்தத்துக்கு எரிச்சல் வருகிறது.

அந்த எரிச்சலுக்கு இரண்டாயிரம் வருஷத்துச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. பெருஞ்சித்திரனார் என்ற சங்கப் புலவர், வறுமையில் கிடந்தவர். மலையும் குன்றும் தாண்டி அதியமானிடம் பரிசில் கேட்டுப் போனார். அதியமான் கெட்டவன் அல்ல. ஏதோ காரணத்தால் நேரில் பார்க்காமல், "இதைக் கொடுத்து அனுப்புங்கள்" என்று உள்ளிருந்தே அனுப்பிவிட்டான். புலவர் வாங்கவில்லை. புறநானூற்றில் 208-ஆம் பாட்டு. என்னைப் பார்க்காமலே என்னை எப்படி அறிந்தான் என்று கேட்கிறார். "காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. என் தகுதியை அறிந்து, விரும்பிக் கொடுத்தால் தினையளவு என்றாலும் எனக்கு இனிது என்று முடிக்கிறார்.

கொடுத்தது குறைவு என்பது அவருக்குப் புகார் இல்லை. பார்க்காமல் கொடுத்தான் என்பதுதான் புகார். உங்கள் தம்பி கடைசியாக எப்போது போன் பண்ணினார்?


செல்வி_திருப்பூர் | செவ்வாய், காலை 7.02

ஐயா, பொங்கலுக்குப் பேசினான். அதற்கப்புறம் இல்லை. காலையிலேயே அழ வைத்துவிட்டீர்கள். பையனுக்கு டிபன் கட்டிவிட்டு வருகிறேன்.


மாறன்_உளவியல் | செவ்வாய், மதியம் 1.30

கல்லூரியில் உளவியல் சொல்லித் தருபவன். முதலில் அந்தத் தாளைப் பற்றி, ஏனென்றால் 13 என்ற எண் உங்களை உறுத்துகிறது போல.

1965-இல் மாரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், நியூயார்க் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வுக்காக உருவாக்கியது அது. பத்து வாக்கியத்தில் ஐந்து நேர், ஐந்து எதிர். உலகத்திலேயே இந்த விஷயத்துக்கு அதிகம் பயன்படும் தாள் அதுதான். ஆனால் அது தெர்மாமீட்டர் மாதிரி. இன்றைக்குச் சூடு எவ்வளவு என்று சொல்லும், என்ன காய்ச்சல் என்று சொல்லாது.

பெருமை வரியில் நீங்கள் தடுக்கியது போலவே எட்டாவது வரியில் பல நாடு தடுக்கியிருக்கிறது. "என்னை நானே இன்னும் கொஞ்சம் மதிக்க முடிந்தால் நன்றாக இருக்கும்" என்கிற மாதிரி வரும். ஆமாம் என்றால் மதிப்பெண் குறையும். 53 நாடுகளில், 28 மொழிகளில் இந்தத் தாளைக் கொடுத்து 2005-இல் வந்த ஆய்வில், சில நாடுகளில் அந்த ஒரு வரி மட்டும் மற்ற ஒன்பதோடு ஒட்டாமல் போனது. அடக்கமாக வளர்ந்தவர் எவரும் அதற்கு ஆமாம் என்றுதானே சொல்வார்?

உங்கள் கேள்விக்கு. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் இதை ஒரு பின்னமாகவே எழுதிவிட்டார். மேலே நாம் சாதித்தது, கீழே நாம் நம்மிடம் எதிர்பார்ப்பது. வகுத்தால் வருவது தன்மதிப்பு. தன்னையே உதாரணமாகச் சொன்னார்: உளவியலில் தன்னைவிட ஒருவர் அதிகம் தெரிந்து வைத்திருந்தால் அவமானமாக இருக்கிறது, கிரேக்க மொழி சுத்தமாகத் தெரியாது, அது உறுத்தவே இல்லை. எதில் நம்மைப் பந்தயம் கட்டியிருக்கிறோமோ அதில் அடி விழுந்தால்தான் வலிக்கும். நீங்கள் 16 வருஷம் செக்கிங் டேபிளில் பந்தயம் கட்டினீர்கள். மேலே இருந்த எண்ணை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள், கீழே இருக்கும் எண் அப்படியே நிற்கிறது.


கடுப்பு_கணேசன் | செவ்வாய், மதியம் 1.48

அப்படியென்றால் கீழே உள்ளதைக் குறைத்தால் மதிப்பு ஏறிவிடும். ஆசையை விடு, ஆனந்தம் வரும். இதைச் சொல்ல அமெரிக்கா எதற்கு, நம்ம ஊர்ச் சாமியாரே போதுமே.


மாறன்_உளவியல் | செவ்வாய், மதியம் 2.15

கிண்டலாகச் சொன்னாலும் ஜேம்ஸ் கிட்டத்தட்ட அதையும் சொல்லியிருக்கிறார். ஒரு எதிர்பார்ப்பைக் கைவிடுவதும், அது நிறைவேறுவதைப் போலவே நிம்மதி தரும் என்று. ஆனால் 43 வயதில் வேலை போனவரிடம் அதை மருந்தாக எழுதிக் கொடுக்க நான் வரவில்லை.

சாமியார் என்றதும் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. 1986-இல் கலிபோர்னியா மாநில அரசு தன்மதிப்பை வளர்க்கவென்றே ஒரு குழு அமைத்தது. ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தார். குற்றம், போதை, பள்ளியில் தோல்வி எல்லாவற்றுக்கும் வேர் தன்மதிப்புக் குறைவுதான், அதை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது கணக்கு. மூன்று வருஷத்துக்கு ஏழு லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள், 1990-இல் அறிக்கை வந்தது. பள்ளிக்கூடமெல்லாம் "நான் சிறந்தவன்" என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்தது.

2003-இல் ராய் பாமிஸ்டரும் மூன்று பேரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பை ஏற்றியதால் மதிப்பெண் ஏறியதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. நன்றாகப் படித்ததால் தன்மதிப்பு ஏறுகிறது என்பதுதான் கூடுதலாகப் பொருந்தியது. வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டிவிட்டார்கள். பலனே இல்லை என்றும் அவர்கள் சொல்லவில்லை. தன்மதிப்பு உள்ளவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், தோற்றாலும் இன்னும் கொஞ்சநேரம் முயல்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆகவே கண்ணாடி முன்னால் நின்று "நான் மதிப்புள்ளவள்" என்று நூறு தடவை சொல்லச் சொன்னால் செய்யாதீர்கள்.


ஈரோட்டுக்காரன் | செவ்வாய், இரவு 9.10

எல்லாரும் மனசுக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் வெளியே வாருங்கள்.

1925-இல் ஈரோட்டிலிருந்து பெரியார் குடி அரசு பத்திரிகையைத் தொடங்கினார். சுயமரியாதை இயக்கம் என்று வைத்த பெயரில் இருக்கும் சொல் மரியாதை. மரியாதை என்பது உள்ளே ஊறும் உணர்ச்சி இல்லை, எதிரே நிற்பவன் கொடுக்க வேண்டியது. 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கேட்டார்கள். புரோகிதர் இல்லாத கல்யாணத்துக்கு 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரும்வரை சட்ட அங்கீகாரம் இல்லை. இதிலே எதுவும் "உன்னை நீ நேசி" வகை இல்லை. பெயர், சொத்து, கல்யாணம், தெரு.

என் தாத்தாவுக்கு டீக்கடையில் கொட்டாங்குச்சியில்தான் டீ. பண்ணையார் வீட்டுச் சின்னப் பையன் வந்தாலும் தோள் துண்டு கக்கத்துக்குப் போய்விடும். அந்தப் பையன் இவரை "டேய்" என்பான். இவருக்கு அப்போது ஐம்பது வயது. ஒரு தடவை டவுன் பஸ்ஸில் போனபோது கண்டக்டர், "பெரியவரே, எங்க போறீங்க?" என்று கேட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் சம்பவம். அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டிக்கெட்டை ரொம்ப நாள் வைத்திருந்ததாகப் பாட்டி சொல்வார்.

அவருக்குத் தன்மதிப்பு எங்கிருந்து வந்தது? அந்த 'பெரியவரே'யிலிருந்து. செல்வி அக்காவுக்கும் அதேதான். "சொல்லி அனுப்பறங்க" என்று சொல்லும் கம்பெனியை விட்டுவிட்டு, அவர் மனசுக்குள் என்ன ஓட்டை என்று தேடுவது அநியாயம்.


மாறன்_உளவியல் | செவ்வாய், இரவு 10.25

ஈரோட்டுத் தோழர் சொன்னதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். மிச்சம் கால்வாசி விசித்திரமானது, அதனால் எழுதுகிறேன்.

1940-களில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி குழந்தைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது. ஊர் இகழ்ந்தால் உள்ளே மதிப்பு சரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் பிறகு ரோசன்பெர்க் தாளைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்ததில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சராசரி வெள்ளையரைவிடக் குறைவாக இல்லை. பல ஆய்வுகளில் சற்றே கூடுதல். ஒதுக்குதல் வலிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிள்ளை தன்னை அளக்கும் கண்ணாடி பண்ணையார் வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அம்மா முகத்தில் இருக்கலாம், தெருவில் இருக்கலாம், தேவாலயத்தில் இருக்கலாம் என்று பலர் விளக்குகிறார்கள். உங்கள் தாத்தாவை வீட்டில் யாரும் டேய் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள் அல்லவா?


ஈரோட்டுக்காரன் | செவ்வாய், இரவு 10.41

இல்லை. பாட்டி "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் சார், அதனால் டீக்கடை இரட்டை டம்ளர் பரவாயில்லை என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதற்குத்தான் பயப்படுகிறேன்.


மாறன்_உளவியல் | செவ்வாய், இரவு 10.44

அந்தப் பயம் நியாயமானது. கிளம்புவார்கள், கிளம்பியும் இருக்கிறார்கள்.


யாழினி_ஸ்கார்பரோ | புதன், காலை 5.50

நான் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். அப்பா ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர், 1989-இல் டொராண்டோ வந்து கோப்பை கழுவினார். உணவகத்தில் அவருடைய பெயரை ஒருவரும் முழுதாகச் சொன்னது கிடையாது, வாயில் வராது என்று ஏதோ இரண்டெழுத்து வைத்திருந்தார்கள். ஆனால் சனிக்கிழமைகளில் எங்கட கட்டடத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். லிஃப்ட்டில் பெடியன்கள் "மாஸ்டர், குட் மார்னிங்" என்பார்கள். கிழமையில் ஆறு நாள் இரண்டெழுத்து, ஒரு நாள் மாஸ்டர். அந்த ஒரு நாளில்தான் அவர் சட்டையை அயன் பண்ணிப் போடுவார். அம்மா சொல்லுவா, சனிக்கிழமை இல்லாவிட்டால் உங்கட அப்பா எப்பவோ படுத்திருப்பார் என்று.


கடுப்பு_கணேசன் | புதன், காலை 9.15

காசு வாங்காமல் கணக்கு சொல்லிக் கொடுத்தார் என்கிறீர்கள். அப்படியென்றால் ஏடிஎம் கருத்தில் ஒரு சின்ன ஓட்டை விழுந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன். சின்ன ஓட்டைதான்.


செல்வி_திருப்பூர் | புதன், மதியம் 3.05

எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

எனக்குச் சம்பளம் போனது பெரிசாகத் தெரியவில்லை. தெரிவது வேறு. செக்கிங் என்றால் என்ன என்று சொல்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் டீ-சர்ட்டை உள்பக்கம் திருப்பி, தோள் தையலில் கட்டை விரலை ஓட்டுவோம். ஊசி ஒரு இடத்தில் தாண்டியிருந்தால் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் சிவப்பு ஏரோ ஸ்டிக்கர். டைலர் வந்து, "நல்லா இருக்குதேக்கா" என்று சண்டைக்கு நிற்பான். இழுத்துக் காட்டினால் பிரியும். தலையைச் சொறிந்துகொண்டு எடுத்துப் போவான். பையர் தரப்பு ஆள் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தால் என் டேபிள் பெட்டி என்றாலே மேனேஜர் முகத்தில் பயம் இருக்காது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து கால் வீங்கி நிற்கும்போதும் "அக்கா பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவார்கள். இந்த "அக்கா பார்த்தாச்சா"தான் போய்விட்டது.

வீட்டில் ஒரு நாளைக்கு நூறு வேலை பார்க்கிறேன். யாரும் "பார்த்தாச்சா" என்று கேட்பதில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் மட்டும் தெரியும்.

வாத்தியார் ஐயா சொன்ன பாட்டு மண்டைக்குள்ளேயே ஓடுகிறது. என்னைப் பார்க்காமலே என்னை எப்படி அறிந்தான். தம்பிக்கு அக்கா என்றால் வேலை போனவள், மாசம் ஐயாயிரம். அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஐயா, பணத்தைத் திருப்பி அனுப்பினால் அது வீம்பா, தன்மானமா?


காவிரிக்கரை_வாத்தியார் | புதன், மாலை 6.30

இதே புலவரே அதற்கும் இருக்கிறார் அம்மா. வகுப்பில் பிள்ளைகள் கைதட்டும் கதை இது. இளவெளிமான் என்ற ஒருவன் தகுதி பார்க்காமல் ஏதோ கொஞ்சம் கொடுத்தான். இவர் வாங்காமல் குமணனிடம் போய், யானையே பரிசாக வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். நேரே தன் ஊருக்குப் போகலாமே? இளவெளிமானின் காவல் மரத்தில் அந்த யானையைக் கட்டி, "இது என் பரிசில், பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். 162-ஆம் பாட்டு. என்னைக் கேட்டால் இது சுத்தமான வீம்பு. கவிதையாக இருப்பதால் மன்னித்துவிடுகிறோம்.

ஆனால் அடுத்த பாட்டைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்கிறார்: குமணன் கொடுத்ததை உன்னிடம் அன்பாக இருப்பவர்களுக்குக் கொடு, நீ விரும்புகிறவர்களுக்குக் கொடு, நமக்குக் கடன் தந்தவர்களுக்குக் கொடு, இன்னாருக்கு என்று பார்க்காமல், என்னையும் கேட்காமல் எல்லாருக்கும் கொடு. நேற்றுவரை அடுப்பில் பூனை தூங்கிய வீடு. யானையைக் கட்டிய கை இங்கே திறந்துவிடுகிறது. எனக்கு இவரில் பிடித்த இடம் இதுதான்.

திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். போன் பண்ணினால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாததைச் செய்து பாருங்கள்.


அம்மாபேட்டை_ராணி | புதன், இரவு 8.00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மாறன் சார், என் பெண் மூணாவது படிக்கிறாள். "நீ தான்டி கிளாஸ்லயே புத்திசாலி" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். இப்போது கஷ்டமான கணக்கு வந்தால் நோட்டையே மூடிவிடுகிறாள். இது தன்மதிப்பு அதிகமானதாலா, குறைவாலா?


மாறன்_உளவியல் | புதன், இரவு 8.40

புத்திசாலி என்ற பட்டத்தை இழக்கப் பயப்படுகிறாள். 1998-இல் கரோல் ட்வெக்கும் கிளாடியா மியூல்லரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்த தடவை சுலபமான புதிரையே கேட்டார்கள், கஷ்டமானதில் அடிபட்டதும் சோர்ந்தார்கள், பலர் மதிப்பெண்ணைக் கூட்டியும் சொன்னார்கள். "நல்லா முயற்சி பண்ணினாய்" என்று கேட்டவர்கள் கஷ்டமானதைக் கேட்டு வாங்கினார்கள்.

நெதர்லாந்தில் 500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட உசத்தி என்று நினைத்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தற்பெருமை வளர்ந்தது, தன்மதிப்பு வளரவில்லை. அன்பாக நடத்தப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் தன்மதிப்பு வளர்ந்தது. நோட்டை மூடினால் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

செல்வி அக்காவுக்கு ஒன்று. மார்க் லியரி என்பவர் 1995-இல், தன்மதிப்பு என்பது பைக்கில் இருக்கும் பெட்ரோல் முள் மாதிரி என்றார். மனிதர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, ஒதுக்குகிறார்களா என்பதை அது காட்டுகிறது. முள் கீழே இறங்கினால் முள்ளைத் தள்ளி மேலே வைத்துப் பயனில்லை. உங்களுக்கு வேலை மட்டும் போகவில்லை, உங்களை "அக்கா பார்த்தாச்சா" என்று கேட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் போனார்கள். அவர்களில் யாரையாவது ஐப்பசிக்கு அப்புறம் பார்த்தீர்களா?


செல்வி_திருப்பூர் | புதன், இரவு 9.20

இல்லை சார். ஒருத்தி இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. என்ன பண்ணுகிறாய் என்று கேட்பாள் என்று.


செல்வி_திருப்பூர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.10

யாராவது இன்னும் இதைப் படிக்கிறீர்களா தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

அவளுக்குத் திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்ததும் திட்டினாள். அப்புறம் எங்கள் டேபிள் பொம்பளைகள் நாலு பேர் அவள் வீட்டில் கூடினோம். நாலு பேரும் "சும்மாதான் இருக்கேன்" என்றோம், சொல்லிவிட்டுச் சிரித்தோம். ஒருத்தி ஸ்கூல் யூனிபார்ம் தைக்கும் இடத்தில் பீஸ் ரேட்டுக்குப் போகிறாள், அங்கே செக்கிங் பார்க்க ஆள் இல்லையாம். வாரத்தில் மூன்று நாள் போய்ப் பார்க்கிறேன். காசு பழைய சம்பளத்தில் பாதி கூட வராது. கணேசன் சார் சிரிக்கலாம்.

தம்பிக்கும் போன் பண்ணினேன். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "ஒண்ணாம் தேதி ஜிபே போடாதே, நேரில் வந்து கொடு, சாப்பிட்டுப் போ" என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான், "உங்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலக்கா. வேலையைப் பத்திக் கேட்டா அழுதிருவியோன்னுதான் பேசாம பணம் போட்டேன்." அவன் அங்கே பயந்திருக்கிறான், நான் இங்கே எரிந்துகொண்டிருக்கிறேன், இரண்டும் ஒரே ஐயாயிரத்துக்கு.

இன்று வந்தான். வாசலில் நிற்கும்போதே பார்த்துவிட்டேன், அக்குள் பக்கம் தையல் விட்டிருந்தது. 1,800 ரூபாய்ச் சட்டையாம். "கழட்டு" என்றேன். துண்டைப் போர்த்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டான். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் தோளில் இரண்டு இடம், காலருக்குக் கீழே ஒரு இடம், ஊசி தாண்டியிருந்தது. வீட்டில் ஏரோ ஸ்டிக்கர் ஏது? அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த என் சிவப்புப் பொட்டை எடுத்து அங்கங்கே ஒட்டினேன். என் பையன் பார்த்துவிட்டு, "அம்மா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியுது?" என்றான். 16 வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை. விரலைப் பிடித்து ஓட்டிக் காட்டினேன். முதல் தடவை அவனுக்குத் தெரியவில்லை, மூன்றாவது தடவை தெரிந்தது.

பணத்தைக் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன் ஐயா. எரிச்சல் வரவில்லை.

மாறன் சார், அந்தத் தாளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எட்டாவது வரிக்கு இப்போதும் ஆமாம் என்றுதான் டிக் அடித்தேன். அதை மாற்ற முடியாது போலிருக்கிறது.


கடுப்பு_கணேசன் | ஞாயிறு, இரவு 10.31

சிரிக்கவில்லை மேடம். என் கடையில் புதுசாக வந்த இருபது சட்டை கிடக்கிறது, மூன்று ரிட்டர்ன் ஆகிவிட்டது. விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.


செல்வி_திருப்பூர் | ஞாயிறு, இரவு 11.02

உள்பக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்கள் சார். விரலை அழுத்தக் கூடாது, சும்மா ஓட விடணும்.

இப்போதுதான் தம்பி பெண்டாட்டி போன் பண்ணினாள். "அண்ணி, உங்க தம்பி சட்டை காலர்ல பொட்டு ஒட்டியிருக்குது, யாருதுன்னு கேட்டா முழிக்கறாரு" என்கிறாள். ஒன்றை எடுக்க மறந்துவிட்டேன்.